பொருளாதார வரலாறும் நான் போட்ட ஏழாவது கேள்வியும்

பீடச்சபைக் கூட்டத்தில் அது பதினான்காவது விடயமாக இருந்தது. பதின்மூன்றாவது, மாணவர் கழிவறைகளுக்குத் தண்ணீர் வராதது பற்றியது. அதற்கே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. பதினைந்தாவது, பரீட்சை அட்டவணை. இரண்டுக்கும் நடுவில் "பொருளாதார வரலாறு சிறப்புக் கற்கையை நிறுத்துதல்" என்று ஒரேயொரு வரி. பீடாதிபதி அதை வாசித்துவிட்டு, "இதில கதைக்க ஒண்டும் இல்லத்தானே?" என்று கேட்டார். வெளியே மேசையில் தேநீர்க் கோப்பைகள் அடுக்கும் சத்தம் கேட்டது. சம்மதிக்கிறவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். ஒருவரும் உயர்த்தவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தப் பாடத்தைக் கட்டியெழுப்பியவர்களில் இன்னும் உத்தியோகத்தில் மிஞ்சியிருந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு மரியாதை செய்கிறார்களாம். நான் கையை உயர்த்தினேன். உடனே மற்றக் கைகளும் உயர்ந்தன. தேநீருக்கு மீன் ரோல்ஸ் வைத்திருந்தார்கள். இரண்டு சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குள் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன். பாதி வாழ்நாளைக் கொடுத்த ஒன்றை மூன்று நிமிடத்தில் மூடிவிட்டு வருகிறவனுக்கு ஒரு பெருமூச்சாவது வரத்தானே வேண்டும். வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது. காரைதீவுச் சந்தியில் வாகன நெரிசலில் நின்றபோது ஒன்றே ஒன்று ஞாபகம் வந்தது. இதை மெடத்துக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான். அதன் பிறகு இரண்டு வாரம் போகாமல் இருந்தேன்.

மெடம் என்று நான் சொல்வது வரலாற்றுத்துறையில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருந்து ஓய்வுபெற்றவரை. சொந்த ஊர் மருதமுனை, கிழக்குக் கரையில் தறி நெசவுக்குப் பெயர்போன ஊர். மாணவர்களுக்கும் அலுவலகத்துக்கும் அவர் மெடம். எனக்கு மட்டும், தனியே கதைக்கும்போது, ராத்தா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் சபையில் என்னை "சேர்" என்பார், வெளியே வந்தால் "தம்பி" என்பார். நான் பொருளியல்துறை. அவருடைய அறை மேல்மாடியின் வடக்கு மூலையிலும் என் அறை கீழே தெற்கு மூலையிலும் இருந்தன. நாங்கள் உண்டாக்க நினைத்த பாடமும் இந்த இரண்டு மூலைக்கும் நடுவில், மாடிப்படியில்தான் பல வருஷம் கிடந்தது.

தொடக்கத்தில் அது இரண்டாம் வருட வரலாற்றில் ஓர் அரைப் பாடம். அரசர்களும் ஆளுநர்களும் முடிந்த பிறகு, நேரம் மிஞ்சினால் தேங்காயும் கறுவாவும். மெடம் அதை எடுத்த முதல் வருடமே அரசர்களை ஓரமாக வைத்துவிட்டு, மருதமுனையில் சாரன் நெய்த நூல் எந்தத் துறைமுகத்தில் இறங்கி எந்த வண்டியில் ஊருக்கு வந்தது என்று தேடி வரும்படி மாணவர்களை அனுப்பினார். மாவடிப்பள்ளி வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் முறையை யார் தீர்மானித்தார்கள், கல்முனைக்குடி மீன்வாடிகளில் ஐஸ் வருவதற்கு முன்னும் பின்னும் வியாபாரம் எப்படி மாறியது என்று கேட்டார். வரலாற்றுத்துறையின் மூத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இது பொருளியல், கீழே கொண்டுபோங்கள் என்றார்கள். கீழே எங்கள் துறையில், இதில் சமன்பாடு எங்கே, வரைபு எங்கே, இது கதை, மேலே கொண்டுபோங்கள் என்றார்கள். இரண்டு வீட்டுக்கும் மாப்பிள்ளையாகி இரண்டு வீட்டிலும் சோறு கிடைக்காத பாடம் என்று நான் பகிடி விடுவேன். மெடம் சிரிக்கமாட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இந்தப் பாடத்தின் பாடு இதுதான் என்று விளக்குவார். முதலில் வரலாற்றின் பின்வளவில் ஓர் அறை; பிறகு தனித்துறை, தனிப் பேராசிரியர் பதவி, தனிச் சஞ்சிகை; பிறகு பொருளியல் முழுக்கக் கணிதமாகிப் போனபோது, கணக்குத் தெரிந்தவர்கள் அங்கேயும் தெரியாதவர்கள் இங்கேயும் பிரிந்து, தனித்துறைகள் ஒவ்வொன்றாகப் பெரிய துறைகளோடு சேர்க்கப்பட்டன. "அங்க மூடுற நேரம் நாம இங்க திறக்கப் போறம்" என்று ஒருநாள் சொன்னார். அதில் கவலை இருந்ததா பெருமை இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சிறப்புக் கற்கையாக, அதாவது தனிப் பட்டப்படிப்பாக, அனுமதி வாங்க வேண்டுமென்றால், பாடத்துக்கென்று சொந்த ஆய்வு ஒன்று கையில் இருக்க வேண்டும். கடற்கரை ஊர்களின் சொத்துடைமை எப்படிக் கைமாறி வந்திருக்கிறது என்று ஆராய முடிவெடுத்தோம். தெருத்தெருவாகப் போய் வீடுகளில் நிரப்ப ஒரு வினாக்கொத்து தேவைப்பட்டது. அளவீடு என்னுடைய தொழில் என்பதால் அதைத் தயாரித்தது நான். படித்த புத்தகங்களில் இருந்த மாதிரியை வைத்துக்கொண்டு இரண்டே நாளில் எழுதினேன். ஏழாவது கேள்வி: இவ்வீட்டின் உரிமையாளர் யார்? அதன் கீழே, நிரப்புகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமென்று, "குடும்பத் தலைவரிடம் கேட்டு எழுதுக" என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். மாணவர்கள் இரண்டு தவணை விடுமுறையிலும் வெயிலில் அலைந்தார்கள். கட்டுக்கட்டாகப் படிவங்கள் வந்தன. தொகுத்துப் பார்த்தபோது முடிவு பளிச்சென்று இருந்தது: வீடெல்லாம் ஆண்களின் கையில், பெண்களிடம் சொத்தில்லை. நான் அதற்கு அழகான அட்டவணைகள் போட்டேன். எங்கள் ஊர்க்காரர் இதை வாசித்தால் இந்த இடத்தில் தலையில் கை வைப்பார்கள்.

மற்றவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் பின்பக்க அறைக்கோ அடுத்த மகளுக்காகக் கட்டும் வீட்டுக்கோ நகர்ந்துவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். தெருவுக்குத் தெரு இதுதான் நடைமுறை. நான் சாய்ந்தமருதில் பிறந்து, கல்முனைக்குடியில் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். மூன்று பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தாளும் பேனையுமாக வந்து வீடு யாருடையது என்று கேட்டால், எந்தப் பெண்ணும் "என்னுடையது" என்று சொல்லமாட்டாள். புருஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு. அவர் பெயரைத்தான் சொல்வாள். புருஷனும் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரைச் சொல்வார். மாணவர்களும் தெரிந்துகொண்டே எழுதினார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் அப்படித்தான். படிவக் கட்டில் முதலாவதாக இருந்தது என்னுடைய வீட்டுப் படிவம். மாதிரிக்கு நானே நிரப்பியது. ஏழாவது கேள்விக்கு எதிரே என் பெயரைக் கூசாமல் எழுதியிருந்தேன்.

கண்டுபிடித்தது மெடம். கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, வேறொரு விபரத்தைச் சரிபார்க்கக் கல்முனைக்குடியில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டுப் பெண் அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அவள் பெயர், அதற்கு முன் அவளுடைய உம்மாவின் பெயர், அதற்கும் முன் உம்மாவின் உம்மா. எங்கள் படிவத்தில் அவளுடைய புருஷனின் பெயர். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு அவள் சிரித்தாளாம். "வந்த புள்ளையள் கேட்டிச்சிகள். மனிசன் முன்னுக்கு இரிக்கக்குள்ள என்ட எண்டு செல்லேலுமா மெடம்?"

அன்றைக்கு அவர் என் அறைக்கு வந்து, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, உட்காராமலே கேட்டார்.

"தம்பி, உங்கட வீட்டு உறுதி யாருட பேரில இரிக்கி?"

"பொஞ்சாதிட பேரில."

"அப்ப முதலாவது படிவத்தில உங்கட பேர் எப்பிடி வந்த?"

எனக்கு விளங்க அரை நிமிடம் எடுத்தது. பிறகு என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ராத்தா, வாறது கொழும்பு ஆக்கள். அவங்களுக்கு என்ன தெரியும்? இப்ப போகட்டும், புறவு திருத்துவம்." "வரலாறு எண்டு பேரும் வெச்சிட்டு, புறவு திருத்துவம் எண்டு செல்லேலாது தம்பி" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. நான் அட்டவணைகளைத் திருத்தச் சம்மதித்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் வற்புறுத்தமாட்டார் என்று நான் நினைத்தேன்.

மதிப்பீட்டுக் கூட்டத்தில் என் அட்டவணைகள் திரையில் வந்தன. வந்தவர்களில் ஒருவர், மிகவும் தெளிவான முடிவு என்று பாராட்டினார். அப்போது மெடம் எழுந்தார். கறுப்பு அபாயாவும் சாம்பல் நிறத் தலைமறைப்பும் அணிந்திருந்தார். கையில் அந்தப் பெண்ணின் உறுதியின் பிரதி. வீட்டுரிமை பற்றிய பகுதி முழுவதும் பிழை, இந்த ஊர்களில் வீடு பெண்களுடையது, நாங்கள் கேட்ட விதத்தினால் பிழையான பதில் வந்தது, அந்தத் தவறு தன்னுடையது என்று நிதானமாகச் சொன்னார். "எங்களுடையது" என்றுகூடச் சொல்லவில்லை. திட்டத்தின் பொறுப்பாளர் அவர்தான். அதனால் அப்படிச் சொல்வதுதான் முறை என்று நினைத்திருக்கலாம். மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் நான் எழுந்து, வினாக்கொத்தைப் போட்டது நான் என்று சொல்ல நேரம் தாராளமாக இருந்தது. நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைப் பிறகு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டறிக்கையில் மெடத்தின் பெயரைப் போட்டு, அவருடைய ஆய்வுத் தவறு காரணமாக அனுமதி ஒத்திவைக்கப்படுவதாக எழுதினார்கள்.

ஒத்திவைத்தது இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில்தான் பாடம் உண்மையில் பிறந்தது என்பேன். மெடம் வினாக்கொத்தைத் தூக்கிப்போட்டார். ஒவ்வொரு மாணவரும் தன் உம்மாவின் வீட்டு உறுதியிலிருந்து தொடங்க வேண்டும். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும் என்றார். ஆண் பிள்ளைகளுக்கு முதலில் வெட்கம். பிறகு அவர்கள்தான் கூடுதலாக அலைந்தார்கள். சுனாமியின்போது கடல் அடித்ததில் உறுதியைப் பறிகொடுத்த பெண்கள் நான்கு எல்லைகளையும் மனப்பாடமாகச் சொன்னார்கள்: வடக்கே இன்னாருடைய வளவு, தெற்கே ஒழுங்கை, மேற்கே தெரு, கிழக்கே கடற்கரை. சொல்லும்போது கையால் திசை காட்டினார்கள், காட்டிய இடத்தில் வீடே இருக்காது. ஒரு கிழவி எல்லையைச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, மறுபடியும் வடக்கிலிருந்து தொடங்கினாள். மெடம் பேனையை மூடவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. ஊரின் பொருளாதாரம் எந்த வழியாக ஓடியிருக்கிறது என்று அந்த உறுதிகளில்தான் முதன்முதலாகக் கண்டேன். மகளுக்கு வீடு கட்டுவதற்காகத்தான் ஆண்கள் வயல் செய்திருக்கிறார்கள், கடலுக்குப் போயிருக்கிறார்கள், தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள், கடைசியில் கட்டாருக்கும் சவூதிக்கும் போயிருக்கிறார்கள். இரண்டாம் தடவை வந்த மதிப்பீட்டாளர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் அனுமதி தந்தார்கள். முதல் அணியில் ஒன்பது பேர். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவில், ஒரு பழைய களஞ்சிய அறையைத் தந்தார்கள். மெடம் கதவில் பெயர்ப்பலகையைத் தானே ஆணி அறைந்து மாட்டினார்.

பிறகு பேராசிரியர் பதவிக்கு இருவரும் விண்ணப்பித்தோம். மெடத்தின் விண்ணப்பம் திரும்பி வந்தது. நேர்முகத் தேர்வில் யாரோ பழைய கூட்டறிக்கையை எடுத்து வாசித்தார்களாம். என்னுடையது சரிவந்தது. அந்த விண்ணப்பத்தில் என்னைப் பற்றி, "முந்தைய ஆய்வின் தவறை இனங்கண்டு திருத்தியமைத்தவர்" என்று நானே எழுதியிருந்தேன். சுத்தப் பொய் என்று சொல்லமுடியாது. திருத்தியதில் நானும் இருந்தேன். செய்தி வந்த அன்று மெடம் கீழே இறங்கி வந்து வாழ்த்தினார். வீட்டில் கிண்டிய தொதல் இனிப்பு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். நான் வாங்கிக்கொண்டேன். அப்போது வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று அன்றைக்கே அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குப் பெரிதாகச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு பாடம் மெலிந்துகொண்டே போனது. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கேட்டார்கள். மாணவர்கள் முகாமைத்துவத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் போனார்கள். ஒரு வருஷம் நான்கு பேர், அடுத்த வருஷம் இரண்டு பேர், பிறகு ஒருவருமில்லை. களஞ்சிய அறை மறுபடியும் களஞ்சிய அறையானது. நான் ஒன்றும் செய்யவில்லை. எதிர்த்து எழுதியிருக்கலாம், பாடசாலைகளுக்குப் போய்க் கதைத்திருக்கலாம். மெடம் இருந்திருந்தால் போயிருப்பார்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு மருதமுனைக்குப் போனேன். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மெடம் பின்பக்க அறையில் இருக்கிறார். இரண்டு கதிரை, ஒரு கட்டில், சுவர் முழுக்கப் புத்தகம். ஸலாம் சொல்லி உட்கார்ந்தேன். மகள் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் எப்படித் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்.

"கழிவறைக்குத் தண்ணி வந்திட்டா தம்பி?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கூட்டம் நடந்த அன்று மாலையே மூன்று பேர் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். "ஏகமனதா எடுத்த முடிவாம். யாரு முதல்ல கையத் தூக்கின எண்டு மட்டும் ஒருத்தரும் செல்லல்ல. என்ட மனசு நோகுமெண்டு நினைச்சாங்களாக்கும்."

"நான்தான்" என்றேன்.

"ஓம்" என்றார். அவ்வளவுதான். முன்வீட்டில் பேரப்பிள்ளை ஒன்று ஓதுவது கேட்டது. மெடம் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்த நேரத்தில், திட்டமிடாமல், நான் மற்றதையும் சொன்னேன். "ராத்தா, அந்த ஏழாவது கேள்வியப் போட்டது நான். அண்டைக்கு எழும்பிச் செல்லியிருக்கணும். செல்லல்ல."

"அது எனக்குத் தெரியாத கதையா? எழுதின தாளெல்லாம் உங்கட கையெழுத்திலதானே இரிந்திச்சி."

"அப்ப நீங்க ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"நீங்க செல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டிருந்தன். முதல் வருஷம் பாத்தன். பேராசிரியரானப்பயும் பாத்தன். புறவு, பாடம் நடக்குது, இதக் கிளப்பினா பாடத்துக்குத்தான் கெடுதி எண்டு நானும் உட்டுட்டன்." பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "இப்ப செல்லுறது லேசு தம்பி. பாடமும் இல்ல, நானும் உத்தியோகத்தில இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன். ஓர் உறுதியில் எல்லை பிழையாக எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டுகிற அதே குரலில் சொன்னார். எனக்கு நெஞ்சில் வலித்தது. வெறும் வலிதான், ஆனால் என்னுடைய வலி என்று தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு அவர் என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை காலை பதிவாளருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். பழைய கூட்டறிக்கையில் மெடத்தின் பெயரில் பதியப்பட்டிருக்கும் தவறு என்னுடையது, அதைக் கண்டுபிடித்தவரே அவர்தான், என் பதவி விண்ணப்பத்தில் இதற்கு மாறாக எழுதியிருந்தேன், இரண்டையும் திருத்திப் பதிய வேண்டும் என்று எழுதியிருந்தேன். பின்னேரம் பீடாதிபதி தொலைபேசி எடுத்தார். நல்ல மனிதர். "சேர், இத உள்ளுக்கு எடுத்தா உங்கட பதவியையும் திருப்பிப் பாக்கச் சொல்லுவாங்க. ஓய்வுபெற ஒரு வருஷம்தானே இரிக்கி? வந்து கடிதத்த எடுத்துக்கிட்டுப் போங்க. நான் காணல்ல எண்டு வெச்சிக்கிறன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, வாய்ப் பழக்கம்.

இன்றுவரை போய் எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது. சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. பின்னேரங்களில் தொலைபேசி அடித்தால் யார் என்று பார்த்த பிறகுதான் எடுக்கிறேன். மெடத்திடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திருத்திய கூட்டறிக்கை கைக்கு வந்தால் அதன் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வராவிட்டால், அவரிடம் போய்ச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.